விமானம் தாமதமாக வரவில்லை

சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் எத்தனை தூரம், எத்தனை நேரம் என்று போன மாதம் என் மருமகன் போனில் பார்த்துச் சொன்னார். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டராம். ஒன்றேகால் மணி நேரமாம். "காலையில காப்பி குடிச்சிட்டு ஏறினா மத்தியானச் சோத்துக்கு வீட்டுல நிக்கலாம் மாமி" என்றார். நல்ல மனிதர். எனக்காகத்தான் பார்த்தார். ஆனால் வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். தான் என்ன தப்புச் செய்தோம் என்று என் மகளிடம் கேட்டிருக்கிறார். அவர் ஒன்றும் செய்யவில்லை. அதே பேச்சை, அந்த மத்தியானச் சோற்றையும் சேர்த்து, அறுபது வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் சொல்லிக் கேட்டவள் நான். அதுதான் காரணம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கிற பழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மயிலாடிக்குப் பக்கத்தில் இருந்தோம். நாடு சுதந்திரம் வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்க்காரர்கள்தான். என் கணவர் மெட்ராசில், நெல் மில்லுக்கும் மரமில்லுக்கும் இயந்திரச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். எனக்கு முதல் பிள்ளை, பெண் பிள்ளை, பிறந்தது கணவர் வீட்டில்தான். பிள்ளைப்பேற்றுக்குப் போக எனக்குத் தாய்வீடு இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்பு நூல் கட்டுவோம். இருபத்தெட்டு கெட்டு என்று பெயர். தகப்பன் மடியில் பிள்ளையை வைத்து, அவன் கையால் நூலைக் கட்டி, காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். என் அம்மாவின் பெயரை வைப்போம் என்று கணவர் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

அவருடைய அண்ணனுக்கு வேறு எண்ணம். முதல் பெண்ணுக்குத் தன் தாயின் பெயர், அதாவது என் மாமியாரின் பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. மாமி உயிரோடு இருந்தாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அன்றைய நடப்பு. அப்படியென்றால் நான் பெற்ற பிள்ளையை நானே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. இதை மாமியே அவரிடம் கேட்டாள்.

"எம் பேரு எதுக்காக்கும்ல? அவ பிள்ளையை அவ கூப்பிடாண்டாமா?"

"ஏட்டின்னு கூப்பிடட்டு" என்றார் அவர். ஏடி, வாடி என்று கூப்பிட்டால் போதுமாம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கணவரின் அண்ணன் எதிரே நான் வர மாட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியிடம் சொல்ல வேண்டும், மாமி அவரிடம் சொல்லுவாள். அவர் பதில் சொல்லுவதும் மாமியிடம்தான், நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன் என்று தெரிந்தே.

அவர் அஞ்சுகிராமத்தில் கடை வைத்து, மனைவி மக்களோடு அங்கேயே இருந்தார். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டில் ஈர்க்குச்சி அசைவதும் அவரைக் கேட்டுத்தான். நாலாம் ஃபாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். அந்தப் படிப்பை அவர் ஒருநாளும் தரையில் இறக்கி வைத்து நான் பார்த்ததில்லை.

இருபத்தெட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் கணவரிடமிருந்து அண்ணனுக்கு ஒரு கார்டு வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மில்லுக்கு அவசரமாக ஒரு இயந்திரச் சாமான் போக வேண்டும், முதலாளி என்னை விமானத்திலேயே அனுப்புகிறார், இன்ன தேதி காலை ஏழு மணிக்கு மெட்ராசில் ஏறுகிறேன், விமான நிலையத்திலேயே சாமானைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். அந்தத் தேதி பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாளேதான். ரயிலில் வந்தால் லீவு போதாது. என் பிள்ளைக்குத் தகப்பன் கையால் நூல் ஏறப் போகிறது என்று நான் அழுதுவிட்டேன்.

கணவரின் அண்ணனைப் பெரியவர் என்றுதான் சொல்லுவோம். அவருக்கோ தலைகால் தெரியவில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதுவரை யாரும் விமானத்தில் வீடு வந்ததில்லை. மறுநாளே மகனுடைய பள்ளிக்கூட அட்லசை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கென்று மூன்று இழை சேர்த்து நான் திரித்த கறுப்பு நூல் தாம்பாளத்தில் இருந்தது. "அந்த நூலை இங்க தாம்மா" என்றார். மாமி கொடுத்துவிட்டாள். நூலின் ஒரு முனையை மெட்ராசில் வைத்து, இழுத்துத் திருவனந்தபுரத்தில் பிடித்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அட்லசின் மூலையில் அங்குலத்துக்கு நூறு மைல் என்று போட்டிருந்தது.

"நாலு அங்குலம். நானூறு மைல். ஏரோப்ளேன் மணிக்கு நூத்தறுபது மைல் போவுமாம். ரண்டரை மணி நேரம்! ஏழு மணிக்கு ஏறினா ஒம்பதரைக்குத் திருவனந்தபுரம். நான் நாகர்கோயில்லேருந்து கார் அனுப்புகேன். பதினொண்ணரைக்கு வீட்டு நடையில நிப்பான். மெட்ராசுல காப்பி, நம்ம வீட்டுல மத்தியானச் சோறு! பாத்தியாம்மா?"

சோசியர் அன்றைக்கு இரண்டு நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை ஒன்று. சாயங்காலம் நாலரை முதல் ஐந்தேகால் வரை ஒன்று. இவர் முதல் நேரத்தை எடுத்துக்கொண்டு, தெரிந்த வியாபாரிகளையெல்லாம் மத்தியான இலைக்குக் கூப்பிட்டுவிட்டார். பிள்ளையைப் பார்க்க இல்லை, விமானத்திலிருந்து இறங்கி வருகிற தம்பியைப் பார்க்க.

என் பிள்ளை இடுப்புக்குத் திரித்த நூலைப் படத்தின் மேல் போட்டு இழுத்தாரே என்று எனக்கு அன்றே எரிந்தது. முடிச்சை ஊசியால் குத்தி அவிழ்க்கப் பார்த்தேன். இறுகிவிட்டது. அந்த நூலை என் பெட்டியில் போட்டுவிட்டு வேறு நூல் திரித்தேன்.

மூன்று நாள் இருக்கும்போது எனக்குத் தனியாக ஒரு கடுதாசி வந்தது. அதில் கணவர் விவரமாக எழுதியிருந்தார். விமானம் நேராக வராது. முதலில் பெங்களூரில் இறங்கும், ஆள் ஏறும். பிறகு கோயம்புத்தூர், பிறகு கொச்சி. திருவனந்தபுரம் வந்து சேரப் பன்னிரண்டே முக்கால் ஆகும். சாமானை ஒப்படைத்துவிட்டு வீடு வர நாலு மணி ஆகிவிடும். "சாயங்காலத்துக்கு நேரம் பார்க்கச் சொல்லு" என்றும் எழுதியிருந்தார். இத்தனை தெளிவாக எழுதியிருந்தார். நான் மூன்று தடவை படித்தேன். ஐந்தாம் வகுப்புக்குப் புரியாத ஒரு வார்த்தை அதில் இல்லை.

மாமியிடம் சொன்னேன். அடுத்த நாள் பெரியவர் வந்தபோது மாமி சொன்னாள்.

"ஏல, அந்தப் பிளேனு நடுவுல மூணு எடத்துல நிக்குமாம்லா. நாலு மணி ஆவுமாம். சாயங்காலம் வச்சுக்கிடுவோம்."

அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. "ஆகாசத்துல பஸ் ஸ்டாண்டு கெட்டி வச்சிருக்கானுவளா? நடுவுல நின்னு டீ குடிச்சிட்டு வர அது என்ன கன்னியாகுமரி பஸ்ஸா? ஆரு சொன்னா?"

"அவளுக்குக் கடுதாசி வந்திருக்கு."

"அவளுக்கு என்ன வாசிச்சுத் தெரியும்? அந்தக் கடுதாசியைக் கொண்டு வரச் சொல்லு. நான் பாக்கேன்."

கடுதாசி என் மடியில்தான் இருந்தது. மாமி கதவோரம் வந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

ஏன் என்றால், கடுதாசியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. எனக்கு மட்டும் எழுதிய வரி. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுகிறதுதான், தப்பாக ஒன்றுமில்லை. ஆனால் அதை அந்த மனிதர் வாசிப்பார், வாசித்துவிட்டு என்னை நினைப்பார் என்று எண்ணியதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "அடுப்புல போட்டுட்டேன் மாமி" என்று சொன்னேன். வாய் கூசாமல் பொய் வந்தது. உண்மைக்குத்தான் வாய் கூசியது.

"பாத்தியா? கடுதாசியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "பேறு கழிஞ்ச பொம்பளை, எதையோ நெனச்சு எதையோ சொல்லுகா. ஒனக்கும் வேற வேலை இல்ல."

கத்தரிக்கோலால் அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கலாம். அந்தப் புத்தி அன்று வரவில்லை. என் மேல் எனக்குள்ள கோபம் இது. மற்றவர்கள் மேல் உள்ளதைவிட இது ஒன்றும் சின்னதில்லை.

அந்த நாள் வந்தது. பந்தல், வாழைமரம், அவியல், எரிசேரி, பாயசம் எல்லாம் அவர் ஏற்பாடு. கார் காலையிலேயே போய்விட்டது. பதினொரு மணிக்கெல்லாம் வியாபாரிகள் வந்து பந்தலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். காரைப் பார்க்கப் பெரியவர் ரோட்டுக்கும் நடைக்குமாக நடந்தார். பதினொன்றரை ஆயிற்று. பதினொன்றே முக்கால் ஆயிற்று. இந்நேரம் விமானம் கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே எங்கேயோ மேலே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். பிள்ளையை வைத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

பந்தலில் ஒருவர் கேட்டார்: "என்னவே, தம்பி ஏரோப்ளேன்ல வாரானா, காளவண்டியில வாரானா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் முகம் கறுத்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் முடித்தது. தான் கூட்டிய கூட்டத்தின் முன்னால் தன் கணக்குத் தப்பிப்போவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நேரம் போவுது. பிள்ளையைக் கொண்டு வாங்க" என்றார்.

மாமி அறைக்கு வெளியே அவரை மறித்து நின்றாள். "நாலரைக்கும் நேரம் இருக்குல்லா மக்கா. சோறு போட்டு ஆளுவளை அனுப்பு. தகப்பன் வரட்டு."

"தகப்பன் இல்லன்னா பெரியப்பன். அதுவும் மொறைதான். இத்தனை பேருக்க முன்னால என்னைத் தலை குனிய வைக்காதம்மா."

மாமி உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். "குடு மக்கா" என்றாள்.

அந்த இடத்தில் நான் "முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ உள்ள வார்த்தை. சொல்லவில்லை. பிள்ளையைக் கொடுத்தேன். வெளியே அது வீறிட்டு அழுதது. அவர் மடியில் கிடத்தி, நான் திரித்த புது நூலை அவர் கட்டினார். குனிந்து அதன் காதில் தன் தாயின் பெயரை மூன்று தடவை சொன்னார். ரகசியமாகச் சொல்ல வேண்டியதைப் பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பெண்கள் குரவையிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு இலை போட்டார்கள்.

கார் வந்தது நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது.

என் கணவர் இறங்கி நேராக அறைக்குத்தான் வந்தார். விமானத்தில் கொடுத்த பஞ்சு இன்னும் ஒரு காதில் இருந்தது. வாந்தி எடுத்து முகம் வெளிறிப் போயிருந்தார். சட்டைப்பையில் எனக்கென்று இரண்டு புளிப்பு மிட்டாய். "பார்த்தியா, சொன்ன நேரத்துக்கு வந்தாச்சு" என்று சிரித்தார். பிறகு பிள்ளையைத் தூக்கினார். துணி விலகி இடுப்பில் நூலைப் பார்த்தார்.

நான் சொன்னேன். யார் கட்டினார், என்ன பெயர் என்று சொன்னேன். அவர் துணியை இழுத்து நூலை மூடினார். "சரி. அண்ணன்தானே" என்றார்.

சரியாம்!

அதுவரை அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றும் உயரவில்லை, வெளியே கேட்கும் என்று பயம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "அப்பம் நீங்க எதுக்காக்கும் வந்திய? மூணு ஊருல எறங்கி ஏறி, கொடலு வெளிய வார மாதிரி ஆகாசத்துல ஆடிட்டு, எதுக்கு வந்திய? எங்கம்மைக்க பேரு எங்க?"

"கெட்டின நூலை அவுக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது."

"அவுக்காண்டாம். நீங்களும் ஒண்ணு கெட்டுங்க."

தாம்பாளத்தில் நூல் ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியைத் திறந்து பழைய நூலை எடுத்தேன். அண்ணன் அட்லசில் வைத்து அளந்த நூல். மெட்ராசுக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தூரத்துக்கு முடிச்சுப் போட்ட அதே நூல். நல்ல நேரம் நாலரைக்குத் தொடங்கியது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து அவர் அதைக் கட்டினார். குனிந்து மூன்று தடவை என் அம்மாவின் பெயரைச் சொன்னார். எனக்கே கேட்காத குரலில் சொன்னார். குரவையிட யாரும் இல்லை.

மறுநாள் காலை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மாமி இரண்டு நூலையும் பார்த்தாள். தண்ணீர் ஊற்றுகிற கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மூத்த மகன் கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்து, குளித்த தண்ணீரோடு விட்டாள். "இறுகிப் போச்சு மக்கா. பிள்ளைக்கு வலிக்கும்" என்றாள்.

இதற்குப் பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. பெரியவர் அன்று இராத்திரி வீட்டிலேயே தங்கியிருந்தார். காலையில் எழுந்ததிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே பேச்சு: "ஏரோப்ளேன் லேட்டு! இல்லன்னா நான் சொன்ன நேரத்துக்குச் சரியா வந்திருப்பான்." என் கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கடுதாசியை எடுத்தேன். அப்போதுதான் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது, ஒரு நாள் பிந்தி. கடைசி வரியை நறுக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தை மாமி கையில் கொடுத்து அவர் காப்பியோடு அனுப்பினேன். பெங்களூர், கோயம்புத்தூர், கொச்சி, பன்னிரண்டே முக்கால், நாலு மணி, எல்லாம் அதில் இருந்தது.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வாசித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். காது சிவந்தது. தவறு என்று ஒரு வார்த்தை சொல்லுவார், என்னிடம் வேண்டாம், மாமியிடமாவது சொல்லுவார் என்று நின்றேன். அவர் கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காப்பியைக் குடித்தார். வெளியே வந்து நின்ற ஒருவரிடம், "என்ன செய்ய, ஏரோப்ளேன் லேட்டாக்கும்" என்றார்.

அந்தக் கடுதாசி எனக்குத் திரும்பி வரவில்லை. கேட்கச் சொல்லி மாமியை இரண்டு தடவை அனுப்பினேன். "எந்தக் கடுதாசி? அடுப்புல போட்டதாச் சொன்னாளே" என்று கேட்டாராம்.

பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தான் வந்து கூட்டிப் போவதாகப் பெரியவர் ஒரு நாள் சொல்லியனுப்பினார். அவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே நான் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். என் ஊரும் பக்கம்தான்; நான் ஐந்தாம் வகுப்போடு விட்டுப் போன அதே பள்ளிக்கூடம். பெரிய வாத்தியார் பெயர் கேட்டார். வாய்க்குள்ளேயே சொன்னேன். சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினேன். "சத்தமாச் சொல்லும்மா, கேக்கல்ல" என்றார். சொன்னேன். அம்மாவின் பெயரை அத்தனை சத்தமாக என் ஆயுசில் நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் எழுதிக்கொண்டார்.

பெரியவர் சாகும்வரை என் மகளைத் தன் தாயின் பெயரால்தான் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த விமானம் பிந்தி வந்த கதையையும் சாகும்வரை சொன்னார். கல்யாண வீடுகளில் சொன்னார், என் மகளுடைய கல்யாணத்திலும் சொன்னார். கேட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் சொல்லுகிறார்கள்.

விமானம் பிந்தவில்லை. ஏழு மணிக்குக் கிளம்பியது, மூன்று ஊரில் இறங்கியது, பன்னிரண்டே முக்காலுக்குத் திருவனந்தபுரம் வந்தது. எழுதியபடி வந்தது. அதைக் காட்ட என்னிடம் இருந்த காகிதத்தை அவர் கொண்டுபோய்விட்டார். என்னிடம் மிஞ்சியிருப்பது நறுக்கிய அந்த ஒரு வரிதான். அதில் ஊரும் இல்லை, நேரமும் இல்லை. அதை இப்போதும் யாருக்கும் காட்ட மாட்டேன்.